மாதிரிச் சிறையின் மூன்றாவது அறை

ராயபுரத்தில் ஓர் ஐஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது யசோதராவின் துப்பறியும் நிலையம். அங்கே வரும் வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பதுதான். பதில் பெரும்பாலும் 'ஆம்' என்றே இருந்ததால் துப்பறிய அதிகம் ஒன்றும் இருக்காது. யசோதரா பெரம்பூரில் ரயில்வே பாதுகாப்புப் படை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தியதே இல்லை என்பதால் அவரைப் பலர் குறைத்து எடைபோட்டு, பிறகு வருந்தியிருக்கிறார்கள். உதவியாளன் வல்லரசுக்கு முப்பத்தைந்து வயது. காசிமேட்டில் மீன் ஏலம் கூவிய தொண்டை. பெயரில் மட்டும் அணுகுண்டு வைத்திருந்த அவன், ஒரே ஒரு கொலையாவது இந்த மாடிப்படி ஏறி வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தான்.

ஒரு நாள் வந்தது. ஆனால் அதை யாரும் கொலை என்று சொல்லவில்லை. கவனக்குறைவு என்றார்கள்.

கொண்டுவந்தவர் சின்னப்பையன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு, ரயில் பெட்டி பழுது பார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸில் காண்ட்ராக்ட் வெல்டர் வேலை. நாற்காலியில் முதுகு சாய்க்காமல் நுனியில் உட்கார்ந்தார். அரசாங்க அலுவலகங்களில் காத்திருந்து பழகியவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். பக்கத்தில் அவர் மகள் எழில்மொழி நின்றாள். அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகிறவள். சிறைத்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி, எண்ணூர் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மையத்தின் முழுப் பெயர் 'சீர்மிகு சிறைப் பணியியல் மற்றும் பாதுகாப்பு ஆளுமை உயர்பயிற்சி மையம்'. பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். சிறைக் காவலர்களையும் பாதுகாப்புத் துறை ஊழியர்களையும் உருவாக்கும் பணியை ஓர் அறக்கட்டளை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்திவந்தது. சுற்றுவட்டாரத்தில் அதை 'ஜெயிலு ஸ்கூலு' என்றார்கள்.

நடந்ததைச் சின்னப்பையன் சொன்னார். போன வாரம் மையத்தில் ஒரு விழா. கோட்டையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து புதிய கருத்தரங்கக் கூடத்தைத் திறந்துவைத்தார். மறுநாள் காலை, பயிற்சிக்காகக் கட்டியிருந்த மாதிரிச் சிறையின் மூன்றாவது அறையைத் திறந்தபோது உள்ளே பொன்னுரங்கம் என்ற ஆசிரியர் இறந்து கிடந்தார். முன்னாள் தலைமைச் சிறைக் காவலர். மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. முந்தின நாள் மாலை அந்த அறைகளைப் பூட்டும் முறை எழில்மொழியுடையது. அவர் உள்ளே பல்பு சரிபார்த்துக்கொண்டிருந்தார், இவள் பார்க்காமல் பூட்டிவிட்டாள், நெஞ்சு வலியில் அவர் கூப்பிட்ட குரல் விழா ஒலிபெருக்கியில் அமுங்கிப் போனது: இதுதான் மையத்தின் முடிவு. வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். அதோடு, கவனக்குறைவால் உயிர்ச்சேதம் என்று போலீசுக்கும் எழுதப்போகிறார்கள்.

"எம் பொண்ணு உள்ள பாத்துட்டுத்தான் பூட்னேன்றா மேடம். ஆளே இல்லன்றா" என்றார் சின்னப்பையன். "ஆளு இல்லாத ரூமுல காலைல பொணம் கீது. பொணம் இன்னா நடந்தா வரும்? எங்க பிளாக்குல இப்பவே வாத்தியாரப் பூட்டிக் கொன்னவன்னு சொல்லிகினு கீறாங்க."

யசோதரா அந்தப் பெண்ணிடம், இதுவரை மையத்தில் என்னென்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். எழில்மொழி விரல் விட்டு எண்ணினாள். தலைமைப் பண்பு. நேர மேலாண்மை. மேடையில் பேசும் கலை. வட்டமாக நின்று பலூனை உடைக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பது. அதற்குப் பெயர் நம்பிக்கைப் பயிற்சி. கைதி என்ற வார்த்தையையே சொல்லக்கூடாது, 'பயனாளி' என்றுதான் சொல்ல வேண்டும் என்று டைரக்டர் உத்தரவாம்.

"பூட்டறது?"

"அது பாடத்துல இல்ல மேடம். பொன்னுரங்கம் சார்தான் டீ குடிக்கற நேரத்துல சொல்லிக் குடுத்தாரு. உள்ள பாக்காம பூட்டாத, பூட்டிட்டு இழுத்துப் பாரு, சாவிய ஒருத்தர் கையில குடுத்துட்டு நகரு. அப்டித்தான் பண்ணேன்."

"ஆள சோதன போடறது, உள்ள அனுப்பறது?"

"அதெல்லாம் கடைசி மாசம்னு வச்சிட்டாங்க."

சாவிக்கொத்தை டிரில் மாஸ்டர் வேம்புவிடம் கொடுத்ததாகச் சொன்னாள். அவரும் ஓய்வுபெற்ற சிறைக் காவலர்தான். அதன்பிறகு பயிற்சிக் காவலர்கள் எல்லோரையும் கூடத்துக்குள் அடைத்து, வரவேற்புப் பாட்டை மறுபடி மறுபடி பாடவைத்திருக்கிறார்கள். விருந்தினர் வரும்வரை ஒருவரும் வெளியே போகவில்லை. பொன்னுரங்கத்தைக் கடைசியாக எங்கே பார்த்தாய் என்று கேட்டதற்கு, அணிவகுப்பு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் வல்லரசு எழுந்து நின்றான். டைரக்டர்தான் கொலைகாரன் என்று அறிவித்தான். டைரக்டரை நீ பார்த்ததே இல்லையே என்றார் யசோதரா. பலூன் ஊதச் சொன்னவன் எதையும் செய்வான் என்பது வல்லரசின் வாதம்.

பொன்னுரங்கத்தின் வீடு திருவொற்றியூரில் கடலோரக் குப்பத்தில் இருந்தது. அலை தடுக்கக் கொட்டிய பாறைகள் வாசலிலிருந்து எட்டும் தூரம். மனைவி செல்லம்மா மீன் விற்பவள். கூடை ஒரு வாரமாகக் கவிழ்ந்தே கிடந்தது. வந்தவர்கள் எழில்மொழிக்காகப் பேச வந்தவர்கள் என்று தெரிந்ததும் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு வூட்டு வாசல்ல போய் மண்ண வாரித் தூத்தாம வுட மாட்டேன். வாத்தியாருன்னு உயிர வுட்டாரு இதுங்களுக்கு. ஒரு எட்டு உள்ள பாத்துட்டுப் பூட்டக் கூடாதா?"

யசோதரா மறுத்துப் பேசவில்லை. நின்றபடியே, அன்று அவர் போன் பண்ணினாரா என்று மட்டும் கேட்டார். மதியம் பண்ணினாராம். நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறாள்.

"டைரக்டர்கிட்ட கேட்டாராம். பெரிய ஆளு வந்துட்டுப் போவட்டும், அப்பால போவலாம்னுட்டானாம். கோடு போடணும்னுட்டு வச்சிட்டாரு. அதாம்மா கடைசி."

வேறு யாராவது வந்து பார்த்தார்களா என்றதற்கு, வேம்பு அண்ணன்தான் தினமும் வருகிறார் என்றாள். இருவரும் ஒரே சிறையில் ஒன்றாக வேலை பார்த்த தோஸ்துகள். வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாராம். "இந்த வூட்டுல எத்தினி நாளு துன்னவரு. இப்ப தண்ணி குடுத்தாக்கூட வாணான்றாரு. அவ்ளோ துக்கம்."

இறந்தவரின் உடைகளை வைத்துப் போலீஸ்காரர் கொடுத்த பையை அவள் இன்னும் பிரிக்கவில்லை. யசோதரா தரையில் உட்கார்ந்து பிரித்தார். காக்கிச் சட்டை. மார்பில் சுண்ணாம்புத் தூள் அங்கங்கே தெறித்திருந்தது. முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை, வரைந்ததுபோல் நேராக ஒரு வெள்ளைப் பட்டை. அடுத்து ஷூக்கள். இரண்டிலும் லேஸ் இல்லை. இடது ஷூவுக்குள் பெல்ட் இறுக்கமாகச் சுருட்டி வைத்திருந்தது. இரண்டு லேஸையும் ஒன்றாக முடிந்து அந்தச் சுருளின் மேல் சுற்றியிருந்தது. அறைக் கதவுக்கு வெளியே சுவரோரம் இப்படியே இருந்ததாக, பையைக் கொடுத்த போலீஸ்காரர் சொல்லியிருந்தாராம்.

"நீ எதையாச்சும் தொட்டியாம்மா?"

"நான் இன்னாத்துக்குத் தொடப் போறேன்?"

அங்கிருந்து எண்ணூர் போகும் வழியில் வல்லரசு, கோடு போட்டவர் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம் என்றான்.

"குனிஞ்சு கோடு போடறவனுக்கு முன்னால ஒட்டும். முதுகுல எப்படிடா ஒட்டும்?" என்றார் யசோதரா. வல்லரசு எர்ணாவூர்வரை பேசவில்லை. அவனுக்கு அது நீண்ட தூரம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. மையத்தின் வாசலில் இருந்த வேப்பமரம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து வெளுத்திருந்தது. உள்ளே மட்டும் விழாவுக்கு அடித்த பெயிண்ட் இன்னும் பளபளத்தது.

டைரக்டர் முனைவர் ஆறுமுகநயினார் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். எழுந்தால்தான் பின்னால் சுவரில் இருந்த பதினேழு நினைவுக் கேடயங்களும் தெரியும். தலைமைப் பண்பில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சிறைக்குள் அவர் கால் வைத்தது, ஒரு முறை யோகா வகுப்பைத் தொடங்கிவைக்க மட்டும். நடந்தது ஒரு மானுடப் பிழை என்றார். ஒரு நிறுவனம் தன் பிழைகளால் அல்ல, அவற்றை எதிர்கொள்ளும் ஆளுமையால் அளக்கப்படுகிறது என்றார். வல்லரசு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஏலத்தில்கூட இவ்வளவு காற்று வீணாகி அவன் பார்த்ததில்லை.

பொன்னுரங்கம் உடல்நலம் பற்றி எதுவும் சொன்னாரா என்று யசோதரா கேட்டார். எதுவுமே சொல்லவில்லை, உற்சாகத்தோடு கோடுகளை முடித்துவிட்டு, பல்புகளைப் பார்க்கத் தாமே போனார் என்றார் டைரக்டர். பெல்ட்டும் ஷூவும் கழன்றிருந்ததே? மூச்சு முட்டும்போது மனிதன் ஆடைகளைத் தளர்த்திக்கொள்வது உடலியல் என்றார்.

மனநலம் கற்பிக்கும் ஃப்ளோரன்ஸ்தான் அன்று கூடத்தில் பாட்டுப் பயிற்சி நடத்தியவர். பயிற்சிக் காவலர் ஒருவரும் வெளியே போகவில்லை என்பதை அவரும் உறுதி செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். எந்த விழாவிலும் முதல் ஆளாக மேடையில் நிற்கும் டைரக்டர், அன்று விருந்தினரோடு சேர்ந்துதான் கூடத்துக்குள் வந்தாராம். மாலை வாங்கும்போதுகூடக் கோட்-சூட்டின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, பவுடர் என்று நினைத்தேன் என்றார்.

மைதானம் கூடத்துக்கும் மாதிரிச் சிறைக்கும் நடுவில் இருந்தது. பொன்னுரங்கத்தின் கோடுகள் இன்னும் அழியவில்லை. நூல் பிடித்தாற்போல மெல்லிய கோடுகள். மாதிரிச் சிறையின் கதவுக்கு எதிரே ஓரிடத்தில் மட்டும் கோடு தடித்து, நெளிந்து, குழந்தை எழுதியதுபோல் கிடந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு யாரோ அழிந்ததை மறுபடி போட்டிருந்தார்கள்.

மாதிரிச் சிறையைத் திறந்து காட்டியவர் வேம்பு. பெரிய உடம்பு, சிவந்த கண்கள், சுருக்கமான பதில்கள். நான்கு அறைகள், இரும்புத் தகடு அடித்த கதவுகள், கதவில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. உள்ளே சிமெண்ட் திண்டு. உண்மையான சிறையைவிட அது சுத்தமாக இருந்தது. எழில்மொழி கொடுத்த சாவியை என்ன செய்தீர்கள் என்றதற்கு, ஆபீஸ் ரூம் ஆணியில் மாட்டிவிட்டேன் என்றார். மூன்றாவது அறையைக் காட்டும்போது அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே முதுகைத் திருப்பி நின்றார். யசோதரா அவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கெழம ஷூ போட்டுக்கிட்டு வா. லேஸ் வச்ச ஷூ" என்றார் வல்லரசிடம், பஸ்ஸில்.

"என்கிட்ட செருப்புதான் மேடம் கீது."

"யார்கிட்டயாவது வாங்கிக்க. பெல்ட்டும் கட்டிக்க."

விசாரணைக்கு வந்த அதிகாரி பகலவன். சிறைத்துறைக்காரர், கண்காணிப்பாளராகப் பல சிறைகளைப் பார்த்தவர், எதையும் நம்பாத, எதற்கும் ஆச்சரியப்படாத முகம். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாகப் பேசலாம் என்று விதி இருப்பதால் யசோதராவை உட்கார அனுமதித்தார். செல்லம்மாவும் வந்திருந்தாள். யசோதராதான் அழைத்திருந்தார், அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்க்கலாம் என்று அவள் வந்தாள். மடியில் அந்தப் பை.

டைரக்டர் நீண்ட நேரம் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் யசோதரா எழுந்து, அறையை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு மீதியைப் பேசலாமா என்று கேட்டார். பகலவனுக்கும் எழுந்தால் போதும் என்றிருந்தது. வேம்பு, ஃப்ளோரன்ஸ் உட்பட எல்லோரும் மைதானத்தைக் கடந்து மாதிரிச் சிறைக்குப் போனார்கள்.

"இவன் ஒரு ஆளுன்னு வச்சிக்க" என்று யசோதரா வல்லரசை முன்னால் தள்ளினார். "எழில்மொழி, இவன உள்ள வச்சிப் பூட்டும்மா."

எழில்மொழி கதவைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், வல்லரசைப் போகச் சொன்னாள், பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள். சாவியை யசோதராவிடம் நீட்டினாள். துளை வழியாக வல்லரசின் ஒரு கண் தெரிந்தது. அவனை வெளியே விட்டார்கள்.

"வேம்பு சார், இப்ப நீங்க. இவன புதுசா வந்த ஆளுன்னு வச்சிக்கங்க" என்று சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, யசோதரா பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனார். எத்தனை சிறையில் வேலை பார்த்தீர்கள், பொன்னுரங்கத்தை முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டார். வேம்பு பதில் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்தார். பேச்சு அவர் வாயில் இருந்தது. வேலையைக் கைகள் தாமாகவே செய்தன. வல்லரசின் இடுப்பில் கை போட்டு பெல்ட்டை ஒரே இழுப்பில் உருவினார். ஷூவைக் கழற்றச் சொன்னார். குனிந்து லேஸை ஓட்டை ஓட்டையாக உருவினார். பெல்ட்டைச் சுருட்டி, இரண்டு லேஸையும் முடிந்து, சுருளின் மேல் சுற்றி, இடது ஷூவுக்குள் திணித்து, ஜோடியைக் கதவுக்கு வெளியே சுவரோரம் வைத்தார். வல்லரசை உள்ளே விட்டார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார்.

யசோதரா செல்லம்மா கொண்டுவந்த பையிலிருந்து பொன்னுரங்கத்தின் ஷூக்களை எடுத்து, பக்கத்தில் வைத்தார்.

இரண்டு ஜோடியும் ஒரே மாதிரி இருந்தன. அதே சுருள். அதே முடிச்சு. அதே இடது ஷூ.

வேம்பு அதைப் பார்த்தார். குனிந்து, சாவிக்கொத்தை அந்த ஷூக்களின் பக்கத்தில் வைத்தார்.

பகலவன் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். டைரக்டருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. இது என்ன செருப்புக் கடையா என்று கேட்டார்.

"சிறையில ஒருத்தர உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி பெல்ட்டு, கயிறு, லேஸு எல்லாத்தையும் எடுத்துடுவாங்க சார். உயிர மாய்ச்சுக்கக் கூடாதுன்னு" என்றார் யசோதரா. "ரயில்வே லாக்கப்புலயும் உண்டு. வருஷக்கணக்கா செஞ்ச கைக்கு யோசனையே வேணாம். நெஞ்சு வலிக்கிற மனுஷன் பெல்ட்டத் தளத்துவாரு. லேஸ உருவி, முடிஞ்சு, பூட்டின கதவுக்கு வெளியில கொண்டுவந்து வைக்க மாட்டாரு. பாக்காம பூட்டின பொண்ணும் இத செஞ்சிருக்க முடியாது. அவளுக்கு இத சொல்லியே குடுக்கல. கடைசி மாசம்னு நீங்கதான தள்ளி வச்சீங்க?"

அவர் மேலும் சொன்னார். பொன்னுரங்கம் அறைக்குள் விழவில்லை. எதிரே மைதானத்தில், தாம் போட்ட ஈரக் கோட்டின் மேல் மல்லாந்து விழுந்தார். முதுகுப் பட்டை அதன் அடையாளம். அழிந்த இடத்தில் யாரோ அவசரமாக மறுபடி சுண்ணாம்பு போட்டார்கள். அப்போது பயிற்சிக் காவலர்கள் எல்லோரும் கூடத்துக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவரிடம் சாவி இருந்தது. இன்னொருவரின் கோட்-சூட்டுக் கையில் வெள்ளை ஒட்டியிருந்தது. விருந்தினரின் கார்கள் வாசலில் திரும்பியிருக்கும். மைதானத்தில் ஓர் ஆசிரியர் விழுந்து கிடப்பதும், ஆம்புலன்ஸ் வருவதும் விழாவுக்கு அழகாக இருக்காது.

"இறந்தவரை மறைவாக வைக்க நேர்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும்..." என்று டைரக்டர் தொடங்கினார். முதன்முறையாக அவர் வாக்கியம் முடியவில்லை.

"செத்தவருக்கு லேஸ் எடுக்க மாட்டாங்க, டாக்டர்" என்றார் பகலவன். அவர் குரல் அதுவரை அங்கே கேட்காத குரலாக இருந்தது. "எழுந்திருப்பாருன்னு நெனைக்கற ஆளுக்குத்தான் எடுப்பாங்க."

அறைக்குள்ளிருந்து வல்லரசு, திறக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டான். எழில்மொழி சாவிக்கொத்தை எடுத்துப் போய்த் திறந்துவிட்டாள். வெளியே வந்தவன் ஷூவை மாட்டிக்கொள்ளவில்லை. அவன் வருஷக்கணக்காகக் காத்திருந்த கொலை இதுவாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

வேம்பு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். தலை நிமிராமல் சொன்னார். விழுந்தவரைத் தூக்கியபோது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி என்றாராம் வேம்பு. கார்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. டைரக்டர், கண்மறைவாகப் படுக்க வை, கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம் என்றாராம். பக்கத்தில் இருந்த கதவு அதுதான். யாராவது திறந்து பார்த்துவிடக்கூடாது என்று வேம்பு பூட்டினார். பிறகு அணிவகுப்பு, பாட்டு, பேச்சு, பொன்னாடை, படம் எடுப்பது. இடையில் அவரை நகரவிடவில்லை. எல்லாம் முடிந்து வந்து திறந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. மறுபடி பூட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் மேல் பழி போட்டது டைரக்டரின் யோசனை. வாயை மூடிக்கொண்டது தன்னுடையது என்றார்.

"நான் ஓய்வு கொடுக்கச் சொன்னேன்" என்றார் ஆறுமுகநயினார். "பூட்டும்படி நான் எழுத்துப்பூர்வமாக எதுவும்..."

அவரை யாரும் பார்க்கவில்லை. பகலவன் போனை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். உட்கார வேண்டும்போல் இருந்தது டைரக்டருக்கு. சுற்றிலும் பார்த்தார். உட்கார இருந்தது அறைகளின் சிமெண்ட் திண்டுகள் மட்டும். நின்றுகொண்டே இருந்தார்.

செல்லம்மா வேம்புவின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அவரு எதுனா சொன்னாராண்ணா?"

வேம்பு தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பெல்ட்டப் புடிச்சேன். அவன் எங்கையப் புடிச்சிக்கினான். வுட்றா வேம்பு, நான் இன்னா கைதியான்னான்." அவர் உதடு கோணியது. "சும்மா இருடா, அஞ்சி நிமிசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு... கைய எடுத்து வுட்டுட்டு... உருவிட்டேம்மா."

செல்லம்மா எழுந்தாள். ஷூக்களை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஃப்ளோரன்ஸ் அவள் தோளைத் தொடப் போனார், அவள் விலகிக்கொண்டாள்.

போலீஸ் வந்து இருவரையும் அழைத்துப்போக மத்தியானமாயிற்று. எழில்மொழி மேல் குற்றம் இல்லை என்று பகலவன் அங்கேயே சொன்னார். திங்கட்கிழமை முதல் பயிற்சிக்கு வரலாம் என்றார். மையத்தை என்ன செய்வது என்று மேலிடம் முடிவு செய்யுமாம். மேலிடம் என்பது விழா நாளில் பொன்னாடை போர்த்திக்கொண்டு போன அதே அதிகாரி என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சின்னப்பையன் காலையிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். அவர் தலைமேல் சாம்பல் படிந்திருந்தது. மகள் முகத்தைப் பார்த்து எதையும் அவரால் ஊகிக்க முடியவில்லை.

"இன்னாச்சு?"

"வேல கீதுப்பா" என்றாள் எழில்மொழி. அப்பா சிரித்ததைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினாள்.

பின்னால் செல்லம்மா பையை இடுக்கிக்கொண்டு வந்தாள். சாலையில் லாரிகள் நகராமல் நின்றன. பஸ் வரும் வழியில்லை. எழில்மொழி அப்பாவிடம், முதலில் இந்த அம்மாவைத் திருவொற்றியூரில் விட்டுவிட்டு வா, நான் மேடத்தோடு ஷேர் ஆட்டோவில் வருகிறேன் என்றாள். செல்லம்மா மறுக்கவில்லை. பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகுதான் அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தாள்.

"மறுபடி இங்கியே வருவியா?"

"வரணும்மா. வூட்டுல நம்பிகினு கீறாங்க. வராம இருந்தா எப்டி?"

செல்லம்மா தலையாட்டினாள். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

"அன்னிக்கி போன்ல, வேலய வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கன்னு நான் சொன்னப்ப அவரும் இதையேதாம்மா சொன்னாரு" என்றாள்.

சின்னப்பையன் வண்டியை உதைத்துக் கிளப்பினார். நிற்கும் லாரிகளுக்கு நடுவில் அது புகுந்து புகுந்து போவதை, அது மறையும்வரை எழில்மொழி பார்த்துக்கொண்டு நின்றாள்.